நினைத்தபோது நிற்கும் எஞ்சின்

மோட்டார் வண்டிக்கு வரும் பழுதுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். வண்டி கிளம்பவே மறுப்பது ஒரு வகை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் திடீரென நின்று, சற்று நேரத்தில் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் கிளம்புவது மற்றொரு வகை. முன்னதைவிடப் பின்னதே கொடிது. கிளம்பாத வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்றால் அங்கும் அது கிளம்பாது. ஆகவே பழுது மெக்கானிக்கின் கண்ணெதிரே இருக்கிறது. விட்டு விட்டு வரும் பழுதோ பட்டறை வாசலை மிதித்ததும் ஒளிந்துகொள்ளும். மருத்துவர் வீட்டுப் படியேறியதும் பல்வலி நின்றுபோகும் கதைதான்.

அண்மையில் இத்தகைய பழுது ஒன்றைத் தேடும் வேலையில் நானும் பங்குகொள்ள நேர்ந்தது. வண்டி என் மைத்துனருடையது. அவருக்கு முன் என் மாமனார் ஓட்டியது. 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்ட, எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். இவ்வகை வண்டிகள் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டன. கூரை மூடிய வகையையும் சேர்த்து எண்ணினால் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. நான்கு சிலிண்டர், கொள்ளளவு 1798 கன செண்டிமீட்டர், கார்புரேட்டர் இரண்டு. இன்றைய வண்டி தனக்கு வந்த நோயைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி, அது தரும் குறியெண்ணைப் படித்துவிடுகிறார். பழைய வண்டிக்கு அந்த நினைவாற்றல் கிடையாது. ஓட்டுகிறவர்தான் அதற்காகவும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறையிலிருந்து தீவுக்குச் செல்லும் பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. அதன் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், கடலின் மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர். அடியில் கப்பல்கள் செல்ல வேண்டியிருப்பதால் நடுப்பகுதி உயர்ந்திருக்கும். அந்த உச்சியைக் கடந்து வண்டி இறங்கத் தொடங்கிய இடத்தில்தான் முதன்முதலில் எஞ்சின் நின்றது. பின்னால் கொள்கலன் ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. மைத்துனர் கிளட்சை மிதித்து, உருண்ட வேகத்திலேயே ஓரம் ஒதுங்கிச் சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பிற்று. சில நாள் கழித்து, ஏறத்தாழ அதே இடத்தில் மறுபடியும் நின்றது. அதன் பிறகு அவர் மனைவி அவ்வண்டியில் ஏறவில்லை, விற்றுவிடும்படியும் சொல்லிவிட்டார். பாலத்தின் நடுவே லாரிக்கு முன்னால் நின்ற அனுபவம் உள்ள எவரும் அவர் பேச்சைத் தவறென்று சொல்லமாட்டார்.

முதலில் வண்டி போன பட்டறையில் பிளக் நான்கு, காயில், கண்டென்சர், பெட்ரோல் பம்ப் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் மாற்றினார்கள். எண்ணூறு ரிங்கிட் செலவு. பத்துப் பயணம் குறையின்றி நடந்தது. பழுது தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். அடுத்த வாரம் மீண்டும் நின்றது.

இங்கே கணக்கு ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள் மேல்வகுப்பில் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பழுது சராசரியாகப் பத்துப் பயணத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணம் பழுதின்றி முடியும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. தொடர்ந்து பத்துப் பயணமும் பழுதின்றி முடியும் வாய்ப்பு 0.9ஐப் பத்து முறை பெருக்கி வருவது. ஏறக்குறைய நூற்றுக்கு 35. அதாவது, வண்டியில் எதையுமே தொடாமல் விட்டிருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வாய்ப்பில் அந்தப் பத்துப் பயணமும் நலமாகவே நடந்திருக்கும். இந்த வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழ் இறங்க வேண்டுமானால் தொடர்ந்து 29 பயணம் பழுதின்றிச் செல்ல வேண்டும். விட்டு விட்டு வரும் பழுதைத் தீர்த்ததாக எண்ணி ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். ஒரே நாளில் நான்கு உறுப்புகளை மாற்றுவதில் வேறொரு கேடும் உண்டு. பழுது போனால் எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால், புதிதாக வந்த உறுப்பிலேயே குறை இருக்கிறதோ என்னும் ஐயம் வேறு சேர்ந்துகொள்ளும்.

மைத்துனரிடம் நான் முதலில் கேட்டது, “வண்டி எப்படி நின்றது?” என்பதே. “நின்றுவிட்டது, அவ்வளவுதான்” என்றார். வயிறு வலிக்கிறது என்று வந்து நிற்கும் சிறுவனும் முதலில் அவ்வளவுதான் சொல்வான். ஆனால் தமிழில் ‘நின்றது’ என்பதற்கு எத்தனை சாயல்கள்! திணறி நின்றது, விக்கி விக்கி நின்றது, இழுவை குறைந்து நின்றது, பட்டென்று அணைந்தது. இவை ஒரே பொருளை அழகுக்காகப் பலவாறு கூறும் சொற்கள் அல்ல; ஒவ்வொன்றும் வெவ்வேறு பழுதைச் சுட்டுகிறது. அகல்விளக்கை நினைத்துப் பாருங்கள். காற்றடித்தால் சுடர் ஒரு நொடியில் போய்விடும். எண்ணெய் வற்றினால் சுடர் சுருங்கி, துடித்து, ஒருமுறை எழும்பி, பிறகே அணையும். எஞ்சினும் அப்படியே. தீப்பொறி தடைப்பட்டால் பட்டென்று அணையும். பெட்ரோல் தடைப்பட்டால் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் மிஞ்சியிருப்பது தீரும்வரை திணறித் திணறி ஓடி நிற்கும். எண்ணூறு ரிங்கிட் செலவழிக்குமுன் சரியான வினைச்சொல்லைத் தேடியிருக்கலாம் என்பது என் கருத்து. அது விதிவிலக்கே இல்லாத இலக்கணம் அன்று. ஆயினும் தேட வேண்டிய வீட்டில் பாதியைக் கதவடைத்துக் காட்டிவிடும்.

தீப்பொறியின் வழியை முதலில் பார்ப்போம். பாட்டரி, காயில், தொடுமுனை ஆகியவற்றைக் கொண்டு தீப்பொறி உண்டாக்கும் முறையைக் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் 1910ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 12 வோல்ட் மின்னோட்டம் காயிலின் தடித்த சுற்று வழியாகச் சென்று, ‘பாய்ண்ட்’ என்று நாம் சொல்லும் தொடுமுனைகள் மூலம் வண்டியின் உடலைச் சேர்கிறது. எஞ்சின் சுழலும்போது பாய்ண்ட் திறக்கிறது. ஓட்டம் அறுபட்ட அந்தக் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. அது பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 பொறி. பாய்ண்டின் இடைவெளியோ 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர், நாலைந்து தாள்களின் கனம். பாய்ண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து முனைகள் கருகாமல் காப்பது கண்டென்சர்.

இவற்றுள் காயிலும் கண்டென்சரும் சூடேறினால் கெட்டு, ஆறினால் நலமடையும் குணம் உடையவை. உள்ளே கம்பியின் மேலுள்ள காப்போ, இணைப்போ பழுதுற்றிருக்கும். வெப்பத்தில் உலோகம் விரியும்போது அது வெளிப்படும். அரைமணி நேரம் ஓடிய பின் நின்று, இருபது நிமிடம் மூடியைத் திறந்து வைத்தால் மீண்டும் கிளம்பும் வண்டியில் இவற்றையே முதலில் ஐயுற வேண்டும்.

பெட்ரோலின் வழி வேறு. தொட்டி வண்டியின் பின்புறத்தில் உள்ளது. எம்.ஜி.பி.யில் பம்பும் பின்புறத்திலேயே இருக்கிறது. எஸ்.யூ. என்னும் மின்பம்ப் அது. கார்புரேட்டரும் அதே பெயருடையது. செருப்பு வணிகம் செய்த ஸ்கின்னர் என்னும் ஆங்கிலக் குடும்பத்தவர் தொடங்கிய நிறுவனம் அது என்பதும், அவர்களுடைய முதல் கார்புரேட்டர்களில் தோலாலான துருத்தி இருந்தது என்பதும் பலருக்கு வியப்பளிக்கும் செய்திகள். பம்பினுள் ஒரு சவ்வு மின்காந்தத்தால் இழுபட்டும் விடுபட்டும் பெட்ரோலைத் தள்ளுகிறது. அதற்கும் சிறு தொடுமுனைகள் உண்டு. அவை கருகினால் பம்ப் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. பழைய எம்.ஜி. ஓட்டியவர்கள் வண்டி நின்றதும் இறங்கி, பம்பை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் புறப்படுவது வழக்கம். சாவியைத் திருப்பியதும் ‘டக், டக்’ என்று கேட்டு அடங்கும் ஒலியே பம்பின் நலத்துக்கு அடையாளம்.

தொட்டி மூடியில் காற்று புகுவதற்கான வழி அடைபட்டாலும் எஞ்சின் நிற்கும். பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்கமுடியாமல் போகும். துளையில்லாத வேறு வண்டியின் மூடியைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் துன்பப்பட்டவர்கள் உண்டு. நின்ற இடத்தில் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தால் காரணம் தெரிந்துவிடும். தொட்டியின் துருத்தூள், வடிகட்டியின் அடைப்பு, கிண்ணத்து ஊசி சிக்குதல் ஆகியவற்றையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன் லெபோ சூலியா நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் திணறுகிற வண்டியில் வெப்பமே குற்றவாளியாக இருக்கலாம். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி 40 பாகைக்குக் கீழேயே கொதிக்கத் தொடங்கும். எஞ்சின் மூடிக்கடியில் வெப்பம் அதனினும் மிக அதிகம். ஆங்கில நூல்களோ குளிர்ந்த ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உறைந்து எஞ்சின் நிற்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. பிறையில் இருந்துகொண்டு அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில் பயனில்லை. நூல் எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தே நூலைக் கையாள வேண்டும்.

இவ்வளவையும் அறிந்த பின்னும் எங்கள் வண்டியின் காரணம் தெரியவில்லை. ஆகவே நான் பள்ளியில் பயன்படுத்தும் கோடிட்ட குறிப்பேடு ஒன்றை வண்டியில் போட்டு வைத்தேன். பழுது தீரும்வரை பாலத்தில் ஓட்டுவதில்லை, நின்றால் நின்ற இடத்திலேயே எழுதுவது என்று பேசிக்கொண்டோம். கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல், ஏற்றமா இறக்கமா சமதரையா, ஆக்சிலேட்டரில் கால் எப்படி இருந்தது, திணறியதா அணைந்ததா, எவ்வளவு நேரத்தில் மீண்டும் கிளம்பியது என்பவை குறிக்க வேண்டியவை. வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் நினைவு தன் விருப்பம்போல் திருத்தி எழுதிவிடும்.

இரண்டு மாதத்தில் ஐந்து பதிவுகள் சேர்ந்தன. ஐந்திலும் ‘பட்டென்று அணைந்தது’. ஆகவே தீப்பொறி. ஆனால் கிளம்பி நான்காம் நிமிடத்தில் ஒருமுறை, ஐம்பதாம் நிமிடத்தில் ஒருமுறை. அப்படியானால் வெப்பம் காரணமல்ல. ஐந்து முறையும் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, ஆறும்வரை காத்திருக்கவில்லை. அதனாலும் காயில், கண்டென்சர் மீதிருந்த ஐயம் குறைந்தது. நெரிசலில் ஒருமுறையும் நிற்கவில்லை. ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போதும் நிற்கவில்லை. ஐந்து பதிவிலும் ஆக்சிலேட்டரைப் பற்றி எழுதியிருந்தது ஒன்றே: ‘இலேசாக, ஒரே சீராக.’ பாலத்தின் உச்சியைக் கடந்து இறங்கும்போது கால் இருப்பதும் அப்படித்தான். குற்றவாளி பாலத்தில் இல்லை, பாதத்தில் இருந்தான்.

ஒன்று மட்டும் பதிவாகவில்லை. இவ்வண்டியின் சுற்றுமானி காயிலுக்குச் செல்லும் மின்துடிப்புகளை எண்ணி முள்ளை நகர்த்துவது. எஞ்சின் அணைந்த பின்னும் கியரில் இருந்தால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அப்போது முள் இருந்த இடத்திலேயே நின்றால், காயிலின் முதற்சுற்றில் மின்சாரம் போய்வருகிறது; பெட்ரோலையோ பிளக் கம்பிகளையோ ரோட்டரையோ பார்க்க வேண்டும். முள் சட்டென்று சுழிக்கு விழுந்தால், 12 வோல்ட் வழியிலேயே எங்கோ அறுபடுகிறது. மைத்துனரோ ஒவ்வொரு முறையும் அச்சத்தில் கிளட்சை மிதித்துவிட்டார். கிளட்சை மிதித்தால் எஞ்சினே நின்றுவிடும். முள்ளும் அதனுடன் விழும். சான்று அழிந்துவிடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலைகளில், செம்பனைத் தோட்டங்களுக்கிடையே செல்லும் ஆளரவமற்ற நேர்ச்சாலை ஒன்றில் ஓடிப் பார்த்தோம். நான் அருகில் அமர்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அணைந்தது. “மச்சான், போச்சு!” என்றார். “கிளட்சைத் தொடாதே, சிக்னலைப் போடு” என்றேன். வண்டி உருண்டுகொண்டிருக்கிறது, முள்ளோ சுழியில். சிக்னல் விளக்கு மின்னியது. அதற்கும் சாவிப்பூட்டின் வழியாகவே மின்சாரம் வருவதால் சாவிப்பூட்டில் குறையில்லை. “இப்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதும் எடு.” எடுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று, முள் எழுந்தது, எஞ்சின் ஓடியது.

காலை எடுத்தால் ஏன் உயிர் வர வேண்டும்? எஞ்சின் இலேசான பாரத்தில் ஓடும்போது சிலிண்டருக்குள் புகும் கலவை அடர்த்தி குறைந்தது, மெல்ல எரியும். ஆகையால் பொறியைச் சற்று முன்னதாகவே விடவேண்டும். இதற்கெனக் கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் செல்கிறது. அதன் வழியே வரும் வெற்றிடம் ஒரு சவ்வை இழுக்க, பாய்ண்ட் அமர்ந்துள்ள தட்டு சில பாகை திரும்புகிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது அக்குழாயில் வெற்றிடம் இல்லை. மிதியை ஆழ அழுத்தும்போதும் வெற்றிடம் குறைந்துவிடும். சீராக இலேசாக மிதிக்கும்போதுதான் தட்டு நன்றாகத் திரும்பும். திரும்பும் தட்டுக்கு மின்சாரம் கொண்டுசெல்வது விரல் நீளத்துக்கும் குறைந்த, துணியுறை போர்த்த மெல்லிய இழைக்கம்பி. ஐம்பது அறுபது ஆண்டு அது மடங்கியும் நிமிர்ந்தும் வந்திருக்கிறது. உறை அப்படியே இருக்க, உள்ளே இழைகள் அறுந்திருந்தால்? தட்டு திரும்பும்போது முனைகள் விலகும். காலை எடுத்ததும் தட்டு திரும்பி வந்து முனைகள் தொட்டுக்கொள்ளும். பட்டறையில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சோதிக்கும்வரை இது ஒருகாலும் அகப்படாது.

இஃது ஊகந்தான். மெய்ப்பிக்க என் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றோம். அவர் இப்போது மெக்கானிக். பாய்ண்ட் நன்றாக மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வைத்தார். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு சிறு சோதனை விளக்கை மாட்டிச் சாவியைப் போட்டார். பாய்ண்ட் மூடியிருக்க, வழி முழுமையாயிருந்தால், மின்சாரம் அவ்வழியே போய்விடும், விளக்கு எரியாது. எரியவில்லை. பிறகு வெற்றிடக் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டு மெல்லத் திரும்பியது. பாய்ண்ட் திறக்கவில்லை, ஆயினும் விளக்கு எரிந்தது. உறிஞ்சுவதை விட்டார், அணைந்தது. மறுபடி உறிஞ்சினார்; எரிந்தது. “சார், நீங்களும் ஒருமுறை பாருங்க” என்று குழாயை என்னிடம் நீட்டினார். அறுபதாண்டுப் புகையும் எண்ணெயும் ஊறிய குழாய் அது. இருந்தாலும் உறிஞ்சிப் பார்த்தேன்.

கம்பியைக் கழற்றிக் கத்தியால் உறையைக் கீறியபோது, உள்ளே செம்பிழைகள் எல்லாம் அறுந்து இரு சிறு தூரிகைகள்போல் எதிரெதிரே நின்றன. நல்ல நெகிழ்வுள்ள கம்பி ஒன்றைப் பற்றவைத்துப் பூட்டினார். தட்டை வண்டியின் உடலோடு இணைக்கும் மற்றொரு கம்பியும் அதே வயதுடையது, அதே அசைவுக்கு ஆட்பட்டது என்பதால் அதையும் மாற்றச் சொன்னேன். வேலை அரைமணி நேரம். அவர் என்னிடம் பணம் வாங்கவில்லை.

பழைய கம்பியைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கோடு போட்டு வருகிறோம். இதை எழுதும் இன்று 22 கோடுகள் இருக்கின்றன. 29 ஆனதும் பாலத்தில் ஓட்டலாம் என்று மைத்துனர் சொல்கிறார். அவர் மனைவி 50 என்கிறார்.